கடைத்தெருவிலும் வலைத்தெருவிலும் தமிழ்ப்பெயர்!

(சிறுவணிகரும் கைத்தொழிலரும் கூடிய அவையொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்துவடிவம்)



கடைக்கு முகம் அதன் பெயர்ப்பலகை. தெருவழியே செல்வான் ஒருவன் முதற்கண் காண்பது உள்ளிருக்கும் பண்டத்தையன்று; பலகையையே காண்கின்றான். அப்பலகை எம்மொழியிற் பேசுகின்றதோ, அம்மொழியார்க்கே அத்தெரு உரியதென்று அவன் உள்ளம் கொள்ளும். ஆகலின்தான் 1916ஆம் ஆண்டில் மறைமலையடிகளார் தனித்தமிழ் இயக்கத்திற்கு வித்திட்ட பின்னரும், 1959இல் பெருஞ்சித்திரனார் 'தென்மொழி'யைத் தொடங்கிய பின்னரும், தமிழ்த்தொண்டர் பலர் கடைதோறும் ஏறியிறங்கிப் பலகையைத் தமிழாக்குமாறு வேண்டி நின்றனர். உணவகம், அச்சகம், மருந்தகம், அடுமனை, முடிதிருத்தகம் ஆகிய சொற்கள் ஏட்டில் மட்டும் கிடந்திருப்பின் மக்கள் வாயில் ஏறியிரா. பலகையில் ஏறின; தெருவில் நின்றன; பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படித்தனர்; சொற்கள் உயிர்பெற்றன.

இற்றை நாளில் அத்தெருவிற்கு நிகராக மற்றொரு தெரு தோன்றிவிட்டது. அஃது கையகலக் கண்ணாடிக்குள் கிடக்கும் வலைத்தெரு. மரச்செக்கு எண்ணெய் வேண்டுவோன் கடைத்தெருவிற்கு வருமுன் கைப்பேசியைத் தடவுகின்றான். 'அருகில் யாருளர்?' என்று அதனிடம் கேட்கின்றான். அது காட்டும் நாலைந்து பெயர்களுள் ஒன்றைத் தேர்ந்து, அது காட்டும் வழியிலேயே நடக்கின்றான். அப்பட்டியலில் பெயரில்லாத கடை, அவன்வரையில் அவ்வூரிலேயே இல்லை. பெயர் இருந்தும் தமிழில் இல்லாத கடை, அவன்வரையில் தமிழனுடையதாகத் தோன்றுவதில்லை. இவ்விரு குறைகளையும் ஒருங்கே நீக்குவது எவ்வாறென்பதே இவ்வுரையின் பொருள்.

எழுதாதவன் பெயரை எவனோ எழுதுவான்

கூகுள் நிறுவனத்தின் வரைபடம் 2005ஆம் ஆண்டில் வெளிவந்தது. கடையுடையார் தம் கடையைத் தாமே பதிந்து ஆளும் ஏற்பாடு 2014இல் 'கூகுள் மை பிசினஸ்' என ஒருங்கமைக்கப்பெற்றது. 2021இல் அதன் பெயர் 'கூகுள் பிசினஸ் புரொஃபைல்' என மாறிற்று. இங்கு அதனை வணிகப்பதிவு என்று வழங்குதல் போதும். இப்பதிவிற்குக் கட்டணம் ஏதுமில்லை. இதனை அறிந்தோர் பலர், செய்தோர் சிலர், தமிழிற் செய்தோர் மிகச் சிலர்.

'பதியாமல் இருந்துவிட்டால் என்ன?' என்று கேட்பார் உளர். பதியாதிருத்தல் என்பதே இயலாதென அவர் அறிதல் வேண்டும். வழிப்போக்கர் எவரும் ஒரு கடையை வரைபடத்திற் சேர்க்குமாறு கூகுளுக்கு எழுதலாம். ஏற்றுக்கொள்ளப்பட்டால், கடைக்காரர் அறியாமலே அவர் கடை அங்கு நிற்கும். அதன் பெயர் வழிப்போக்கர் எழுதியவாறே இருக்கும். அவர் பெரும்பாலும் எழுதுவது ஆங்கில எழுத்தில்.

கேடு அத்துடன் முடிவதில்லை. 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கூகுள் தன் வரைபடத்திலுள்ள இடப்பெயர்களைத் தமிழ் உள்ளிட்ட 10 மொழிகளின் எழுத்துகளில் பொறியே மாற்றிக் காட்டும் முறையை அறிவித்தது. தமிழெழுத்தில் பெயர் காண்பது நன்றேயன்றோ என்று தோன்றும். ஆயின் அப்பொறி தமிழறிந்து எழுதுவதன்று. ஆங்கில எழுத்தைப் பார்த்து உய்த்தெழுதுவது. ஆங்கில நெடுங்கணக்கிற்கோ ழகரமில்லை. ளகர லகர வேற்றுமையில்லை. றகர ரகர வேற்றுமையில்லை. னகர ணகர வேற்றுமையில்லை. குறிலையும் நெடிலையும் பிரித்துக்காட்டும் ஒழுங்குமில்லை.

எண்ணிப் பாருங்கள். ஏ, ஆர், ஏ, எம் என்னும் நான்கெழுத்தை வைத்து அறம் என்பதா, அரம் என்பதா, ஆரம் என்பதா? கே, ஏ, ஆர், ஐ என்பது கறியா, கரியா? பி, ஏ, எல், ஏ, எம் என்று எழுதி வைத்தவர் விற்பது பழமா, பலமா, பாலமா? பட்டு நெய்து விற்பவர் தம் கடைப்பெயரை ஆங்கிலத்தில் எழுதிவைக்க, அது பாட்டு என்று திரும்பிவரக் கூடும். கடை என்பதே கதையாகவும் காடையாகவும் ஆகக்கூடும். தந்தை வைத்த பெயரை ஒருவன் அயலெழுத்திற் கொடுத்துவிட்டுப் பொறியிடம் தமிழில் திரும்பக் கேட்பது, நெல்லைக் கொடுத்து உமியை வாங்குவது போன்றதே.

இக்குறை பொறியின் குறை மட்டுமன்று. தமிழ்நாட்டரசே 2020ஆம் ஆண்டு சூன் திங்களில் 1018 ஊர்ப்பெயர்களைத் தமிழொலிக்கேற்ப ஆங்கிலத்தில் எழுதும் முறையை வெளியிட்டது. கோயம்புத்தூர்க்கும் எழும்பூர்க்கும் புதிய ஆங்கில எழுத்துக்கூட்டு வந்தது. பல திறத்தாரும் குறை கூறவே, சில நாள்களிலேயே அவ்வாணையை அரசு திரும்பப் பெற்றுக்கொண்டது. ஓர் அரசும் அதன் அறிஞர் குழுவும் தீர்க்க முயன்று தீராத சிக்கல் அது. ஏன் தீரவில்லை? தமிழொலியைச் சுமக்கும் எலும்பு அவ்வெழுத்திற்கு இல்லை. தமிழ்ப்பெயரைப் பிழையின்றிக் காக்கவல்ல எழுத்து ஒன்றே, அது தமிழெழுத்து.

பலகையே வேர்

இனித் தலையாய செய்திக்கு வருவோம். வணிகப்பதிவிற் பெயரெழுதுதற்குக் கூகுள் ஒரு நெறி வகுத்துள்ளது. கடையின் பலகையிலும் எழுதுதாளிலும் வாங்குவோர் நாவிலும் எப்பெயர் வழங்குகின்றதோ அப்பெயரையே எழுதல் வேண்டும். விற்கும் பண்டங்களின் பெயரையோ, ஊரின் பெயரையோ, 'மிகச் சிறந்தது', 'மலிவானது' என்னும் புகழ்ச்சியையோ பெயருடன் ஒட்டுதல் கூடாது. ஒட்டினால் பதிவு நிறுத்திவைக்கப்படும் நிலையும் நேரும்.

இந்நெறியைத் தமிழன்பர் ஊன்றி நோக்குதல் வேண்டும். கடையின் உரிமையாளர்தாம் பதிகின்றார் என்பதற்குச் சான்று கேட்கப்படும்போது இக்கால் பெரும்பாலும் காணொளி ஒன்று கோரப்படுகின்றது. தெருவும், கடையின் முகப்பும், பெயர்ப்பலகையும், உள்ளிருக்கும் கருவியும், பூட்டைத் திறந்து உட்புகும் உரிமையும் அக்காணொளியில் தெரிதல் வேண்டும். பதிவிலுள்ள பெயரும் பலகையிலுள்ள பெயரும் ஒத்திருத்தல் வேண்டும்.

இதன் பொருள் யாது? பலகையில் ஆங்கிலம் மட்டுமே இருப்பின், பதிவில் தமிழ்ப்பெயரை எழுதுதற்குச் சான்றில்லை! பலகையில் தமிழ் நின்றால், பதிவிலும் தமிழ் நிற்க அதுவே சான்று. தெருவில் இழந்ததை வலையில் மீட்க இயலாது. வேரைத் தமிழாக்காமல் கிளையைத் தமிழாக்க முனைவார் இருமடங்கு உழைத்து ஒருமடங்கும் பெறார்.

பலகை தமிழாதல் வெறும் விருப்பமுமன்று. தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் விதிகள் 1948ஆம் ஆண்டினவை. அவற்றின் 15ஆம் விதி பெயர்ப்பலகை தமிழில் இருத்தல் வேண்டுமென்கின்றது. பிறமொழியையும் எழுதுவதாயின் அது தமிழுக்குக் கீழேயே இருத்தல் வேண்டுமென்கின்றது. ஏட்டிலுள்ள இவ்விதி தெருவில் எத்துணை மதிக்கப்படுகின்றது என்பதைச் சென்னையின் எந்த வணிகத் தெருவிலும் அரைநாழிகை நடந்தாலே அறியலாம். சட்டம் வற்புறுத்தியும் அசையாதாரை அவர்தம் ஆதாயமேனும் அசைக்கட்டும் என்பதற்காகவே இவ்வுரை.

பதியும் முறை

செய்முறையைச் சுருங்கக் கூறின் பின்வருமாறு அமையும்.

முதற்கண், கடைக்கென்று ஒரு மின்னஞ்சற் கணக்கு வேண்டும். அக்கணக்கும் அதன் கடவுச்சொல்லும் கடையுடையார் கையிலேயே இருத்தல் வேண்டும். அடுத்து, அக்கடை முன்னரே எவராலேனும் வரைபடத்தில் ஏற்றப்பட்டுள்ளதா என்று தேடிப் பார்த்தல் வேண்டும். இருப்பின் புதிதாக மற்றொன்று பதியாமல், அதற்கே உரிமை கோரிப் பிழையைத் திருத்துதல் வேண்டும். ஒரு கடைக்கு இரு பதிவுகள் இருப்பின் வாங்குவோன் மயங்குவான், கூகுளும் ஐயுறும்.

பெயர்க்கட்டத்தில் பலகையிலுள்ள தமிழ்ப்பெயரை ஒருங்குகுறியில் எழுதுக. தமிழெழுத்துகள் 1991ஆம் ஆண்டில் வெளிவந்த முதற்பதிப்பிலிருந்தே ஒருங்குகுறியில் இடம்பெற்றுள்ளன. இன்றுள்ள திறன்பேசி எதிலும் தமிழ் விசைப்பலகையை அமைத்துக்கொள்ளலாம். ஆகவே 'தமிழில் எழுத வழியில்லை' என்று சொல்வதற்கு இனி இடமேயில்லை. ஒற்றெழுத்துகளில் கவனம் வேண்டும். 'எண்ணைக் கடை' அன்று, 'எண்ணெய்க் கடை'. 'பழ கடை' அன்று, 'பழக்கடை'. பலகையிற் பிழையிருப்பின் முதலில் வண்ணக்காரரை அழைத்து அதனைத் திருத்துக. ஓரூரார் காணும் பிழை இனி உலகோர் காணும் பிழையாகும்.

அடுத்தது இடம். வாங்குவோர் கடைக்கு வருவாராயின் முகவரியை முழுமையாக எழுதி, வரைபடத்தில் முள்ளைக் கடைவாயிலின்மீதே நிறுத்துக. பின்தெருவில் நின்ற முள் வந்தவனைப் பின்தெருவுக்கே கொண்டுசெல்லும். வீட்டிலிருந்து தொழில் செய்யும் தையற்காரர், வீடுதேடிச் செல்லும் மின்பணியாளர், குழாய்ப்பணியாளர் ஆகியோர் தம் வீட்டு முகவரியை மறைத்துவிட்டுத் தாம் பணிசெய்யும் பகுதிகளை மட்டும் குறித்தல் நன்று. 20 பகுதிகள் வரை குறிக்கலாம்.

தொலைபேசி எண்ணும், கடை திறந்திருக்கும் நேரமும் மெய்யாக இருக்கட்டும். பொங்கல் முதலிய விழாநாள்களில் நேரம் மாறுமாயின் அதனையும் முன்கூட்டியே குறித்து வைக்கலாம். திறந்திருப்பதாகக் காட்டிய கடை பூட்டிக் கிடப்பின், வெயிலில் வந்தவன் மறுமுறை வாரான்.

கடையைப் பற்றி 750 எழுத்துக்குள் ஒரு முன்னுரை எழுத இடமுண்டு. அது நல்ல தமிழுக்கு வாய்த்த நிலம். 'எள், நிலக்கடலை, தேங்காய் ஆகியவற்றை வாகைமரச் செக்கில் ஆட்டி அன்றன்றே தருகின்றோம்' என்று எளிய தமிழில் எழுதினால் போதும்; அது ஊராரை அழைக்கும். தமிழ் படிக்கத் தெரியாத அயலார்க்கு உதவவேண்டுமெனில், அம்முன்னுரையின் இறுதியில் ஒரு வரி ஆங்கிலத்தில் இருக்கட்டும். விருந்தினர்க்குத் திண்ணை தருவது பண்பாடு. வீட்டையே எழுதித் தருவது மடமை.

இறுதியிற் சரிபார்ப்பு. காணொளி கேட்கப்பட்டால் 30 நொடிக்குக் குறையாமல், இடையில் நிறுத்தாமல், வெட்டி ஒட்டாமல் ஒரே ஓட்டமாக எடுத்தல் வேண்டும். ஆய்ந்து விடைதர 5 பணிநாள் வரை ஆகலாம். அதன்பின் கடையின் பதிவை ஆளும் உரிமை கடையுடையாரைச் சேரும்.

'ஆங்கிலமின்றி வணிகம் நடக்குமா?'

இவ்வினாவை எழுப்பாத கடைக்காரர் அரியர். 'பேக்கரி என்று தேடுகின்றவன் கண்ணுக்கு அடுமனை எவ்வாறு படும்?' என்பது அவர் அச்சம். அச்சம் இயல்பே, வயிற்றுப்பாடு அதில் அடங்கியுள்ளது. ஆயின் அவ்வச்சத்திற்கு இங்கு அடிப்படையில்லை.

வணிகப்பதிவில் பெயருக்கு ஒரு கட்டமும், தொழில்வகைக்கு மற்றொரு கட்டமும் தனித்தனியே உள்ளன. வகையைக் கடைக்காரர் தாமே புனைந்து எழுதுவதில்லை. கூகுள் வைத்துள்ள பட்டியலிலிருந்து தேர்கின்றார். முதன்மை வகை ஒன்றும், துணைவகைகள் 9 வரையும் தேரலாம். அவ்வகை காண்போன் தன் கைப்பேசிக்கு வைத்துள்ள மொழியில் அவனுக்குத் தோன்றும். ஆங்கிலத்தில் தேடுவானுக்கு ஆங்கிலத்திலும், தமிழில் தேடுவானுக்குத் தமிழிலும் அந்த ஒரே வகை விடைசொல்லும். ஆகவே, கடை இன்ன தொழிலுடையது என்று பொறிக்கு உணர்த்தும் வேலையை வகைக்கட்டம் பார்த்துக்கொள்கின்றது. பெயர்க்கட்டம் பெயருக்கே உரியது. 'பேக்கரி', 'ஸ்டோர்ஸ்', 'டிராவல்ஸ்' என்று பெயரின் வாலில் அயற்சொல்லைக் கட்டித் தொங்கவிட வேண்டிய தேவை இங்கு இல்லவே இல்லை. பழைய பலகையிலேனும் 'வந்தவனுக்குப் புரியவேண்டுமே' என்று சாக்குரைக்க இடமிருந்தது. புதிய தெருவில் அச்சாக்கும் ஒழிந்தது.

பட்டியலில் யார் முன்நிற்பர் என்பதைக் கூகுள் மூன்று அளவைகளால் முடிவு செய்வதாகக் கூறுகின்றது. தேடுவானது தேவைக்கும் கடைக்கும் உள்ள பொருத்தம் ஒன்று, தொலைவு ஒன்று, கடை எத்துணை அறியப்பட்டது என்பது ஒன்று. காசு கொடுத்து இவ்வரிசையில் முன்னேற இயலாதென்றும் அந்நிறுவனம் கூறுகின்றது. விளம்பரம் என்று குறியிட்டு மேலே வருவன வேறு. அவை பணமுடையார்க்கு உரியன. ஆயின் தொலைவு என்னும் அளவை சிறுகடைக்காரனுக்குத் துணை. பெருநகரத்துப் பேரங்காடி எத்துணை முழங்கினும், தெருமுனைச் செக்குக்காரரே தேடுவானுக்கு அண்மையர். கடையை முழுமையாகவும் மெய்யாகவும் பதிந்தார்க்கு அவ்வண்மை பயன்தரும். பதியாதார்க்கு அண்மையிலிருந்தும் பயனில்லை.

ஏமாறாதிருத்தல்

பதிவு தொடங்கிய சின்னாளில் தொலைபேசி ஒலிக்கும். 'கூகுளிலிருந்து பேசுகின்றோம், இத்துணை உருபா கட்டினால்தான் பதிவு நிலைக்கும்' என்று ஒரு குரல் கூறும். பதிவிற்குக் கட்டணமில்லை என்பதை அறிந்தவன் அக்குரலுக்கு ஏமாறான். சரிபார்ப்புக்கென வரும் குறியெண்ணை எவரிடமும் சொல்லலாகாது. அதனைச் சொல்வது கடைச்சாவியைக் கொடுப்பதற்கு நேர்.

கணினி தெரிந்த இளைஞர் உதவுவாராயின், அவர் பெயரில் கணக்குத் தொடங்கி விடுதல் கூடாது. முதன்மை உரிமை கடையுடையாரிடமே இருக்க, உதவுவார் மேலாளராக மட்டும் சேர்க்கப்பெறலாம். பிறன் கணக்கில் வைத்த பதிவு பிறன் பத்திரத்தில் எழுதிய வீடு.

மதிப்புரைகளைக் காசுக்கு வாங்குதலும், பண்டம் தந்து எழுதுவித்தலும் கூகுளின் நெறிக்கு மாறு. வணிக அறத்திற்கும் மாறு. மெய்யாக வாங்கிச் சென்றாரிடம், 'நிறைகுறைகளைத் தமிழில் எழுதுங்கள்' என்று வேண்டுவதில் தவறில்லை. குறைகூறி எழுதினாருக்குச் சினவாமல், நல்ல தமிழில், இரண்டு வரியில் விடை எழுதுக. அவ்விடையைப் படிப்பவர் குறைகூறியவர் ஒருவரல்லர், வரப்போகும் நூற்றுவர்.

ஒருவன் வாயிலில் மட்டும் நிற்பதா?

தன்மானமுள்ள தமிழர்க்கு மற்றொரு வினா எழும். தெருவின் பெயரையெல்லாம் அயல்நாட்டு நிறுவனம் ஒன்றின் ஏட்டில் மட்டும் எழுதிவைத்தல் தகுமா? தகாது என்பதே விடை. அந்நிறுவனம் கடைக்காரர்க்கு முன்பு கட்டணமின்றித் தந்திருந்த சிறு வலைத்தளங்களை 2024ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மூடிவிட்டது. தந்தவன் கை எடுத்துக்கொள்ளவும் வல்லது. ஆதலின் அங்குப் பதிக. அதனை மட்டும் நம்பியிராதிருக்க.

2004ஆம் ஆண்டில் தொடங்கிய 'ஓப்பன்ஸ்டிரீட்மேப்' என்பது மக்களே கூடி வரையும் பொதுவரைபடம். அதில் எவரும் இடங்களைக் குறிக்கலாம். ஒவ்வோரிடத்திற்கும் தமிழ்ப்பெயரை எழுதுதற்கென்றே தனிக்கூறும் அதில் உண்டு. தமிழாசிரியரும் மாணவரும் கைகோத்தால், ஓர் ஊரின் தெரு, குளம், கோயில், பள்ளி, கடை அனைத்தையும் தமிழெழுத்தில் அவ்வரைபடத்தில் ஏற்றிவிடலாம். அவ்வாறு ஏற்றியதை உரிமக் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டு எவரும் எடுத்தாளலாம். தனி வலைத்தளம் வைக்க வல்லார்க்கு .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் எனத் தமிழெழுத்திலேயே முடியும் முகவரிகளும் உள்ளன.

செய்யவேண்டியது

பெருமக்களே! முன்னோர் பலகைக்காகப் பட்ட பாட்டிற்கு அளவில்லை. ஏணி சுமந்தனர்; வண்ணம் வாங்கித் தந்தனர்; ஏச்சும் ஏற்றனர். இன்றுள்ளார்க்கு ஏணியும் வேண்டா, வண்ணமும் வேண்டா. ஒரு திறன்பேசியும் ஒரு பிற்பகலும் போதும். இவற்றையும் தர மனமில்லாதார் மொழிப்பற்றைப் பற்றி மேடையிற் பேசுதல் வீண்.

ஒவ்வோர் ஊரிலும் தமிழறிந்த இளைஞர் இருவர் மூவர் சேர்க. தம் தெருவிலிருந்தே தொடங்குக. முதற்கடையில் பலகையைப் பார்க்க, தமிழில்லையேல் கடைக்காரரிடம் பணிவுடன் பேசுக, சட்டத்தைச் சொல்லுக, ஆதாயத்தையும் சொல்லுக. பலகை தமிழானபின் அவர் கையில் அவர் கைப்பேசியையே கொடுத்து, அவர் விரலாலேயே தம் கடைப்பெயரைத் தமிழில் எழுதச் செய்க. தம் பெயர் தம் எழுத்தில் உலக வரைபடத்தில் நிற்பதை ஒருமுறை கண்டவர் மீண்டும் அதனை அயலெழுத்துக்கு விட்டுக்கொடார். அண்டைக் கடைக்காரரை அழைத்துக் காட்டுபவரும் அவரேயாவர்.

பொறி தமிழைக் கற்பது தமிழர் எழுதி வைத்ததிலிருந்தே. கடைப்பெயரை எழுதினால் கடைப்பெயரைக் கற்கும். பிழையை எழுதினால் பிழையைக் கற்கும். எழுதாமலே விட்டால், தமிழ் என்றொரு மொழியில் வணிகம் நடப்பதையே அது அறியாது. நாளைய தலைமுறை தன் ஊர்த்தெருவின் பெயரை அப்பொறியிடமே கேட்டறியப் போகின்றது. அது சொல்லும் விடை அறமாக இருப்பதும் அரமாக இருப்பதும் இன்று கடைவாயிலில் நிற்பார் கையில் உள்ளது.

பலகையில் எழுதுக! பதிவில் எழுதுக! பிழையின்றித் தமிழில் எழுதுக!

வெல்க தமிழ்!